ஒத்து ஊதுபவருக்கும் பெயர் உண்டு

ஒருவரை அடிவருடி என்று ஏசத் தமிழில் பல தொடர்கள் உண்டு. ஒத்து ஊதுகிறார், ஜால்ரா அடிக்கிறார், பின்பாட்டுப் பாடுகிறார், பக்கவாத்தியம் வாசிக்கிறார். நான்குமே இசை மேடையிலிருந்து எடுக்கப்பட்டவை. நான்குமே, முன்னால் இருப்பவரைத் தாங்கிப் பிடிக்கும் ஒரு கலைஞரின் உழைப்பைக் குறித்த சொற்கள். ஒத்து என்பது நாகசுர மேளத்தில் ஆதார சுருதியை இடைவிடாமல் பிடித்திருக்கும் குழல். அதை ஊதுபவர் மூச்சை உள்ளிழுக்கும் கணத்திலும் ஒலி அறுபடலாகாது. அந்தக் கடினமான கலையை நம் மொழி வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறது. நடுவில் நிற்பவரே கலைஞர், மற்றவர் அனைவரும் அவருக்குப் பின்னொலி என்று கருதும் பழைய மனப்பாங்கு அந்த வசையில் படிந்து கிடக்கிறது.

அந்த மனப்பாங்கு இன்று யாரைத் தாக்குகிறது என்பதைச் சொல்லவே இந்தப் பதிவு. மைசூருவிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் 'ரசமஞ்சரி' என்று கன்னடத்தில் வழங்கப்படும் இன்னிசை நிகழ்ச்சிகளில், பேஸ் கிட்டார் வாசிப்பவர்கள் மேடையிலிருந்து ஒவ்வொருவராக இறக்கப்படுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர்கள் நின்ற இடத்தில் ஒரு மடிக்கணினி அமர்கிறது. நான் இந்நகரில் ஆய்வு மாணவன். வார இறுதிகளில் திருமண வரவேற்புகளிலும் கணபதி விழாக்களிலும் பேஸ் வாசிப்பவன். ஆகவே நடுநிலையாளன் என்று பாசாங்கு செய்யப்போவதில்லை. என் கட்சி இதுதான்: பேஸின் ஒலி தேவையற்றுப் போனதால் அதை வாசிப்பவர் நீக்கப்படவில்லை. ஒலியை வைத்துக்கொண்டு ஆளை மட்டும் நீக்க முடிவதால் நீக்கப்படுகிறார். அப்படி நீக்க முடிவதற்குக் காரணம், அவருக்கு நாம் ஒருநாளும் பெயர் கொடுத்ததில்லை என்பதே.

முதலில், இந்த வாத்தியம் என்ன செய்கிறது என்று தெரியாதவர்களுக்காகச் சில சொற்கள். பாடகர் 'ஸ, க' என்னும் இரண்டு சுவரங்களில் நிற்கிறார் என்று கொள்வோம். மேற்கத்திய முறையில் 'ஸி, ஈ' என்று வைத்துக்கொள்ளலாம். கீழே பேஸும் ஸியில் நின்றால் கேட்பவருக்கு அது ஒரு நிறைவான மேஜர் நிலை. பாடகர் இம்மியும் நகராமல் பேஸ் மட்டும் ஏவுக்கு இறங்கினால், அதே இரண்டு சுவரங்கள் மைனர் நிலையின் ஏக்கமாக மாறிவிடும். எஃபுக்குச் சென்றால் மூன்றாவது ஓர் உணர்வு. மேலே இருப்பவர் எதையும் மாற்றவில்லை. காலடியில் தரை மாறியது. 'இந்த இடத்தில் ஏனோ கண் கலங்குகிறது' என்று நாம் பாடகரைப் புகழும் தருணங்களில் பல, தரை மாறிய தருணங்களே.

நான்கு தந்தி பேஸின் தாழ்ந்த தந்தி வெறுமனே மீட்டப்படும்போது வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கி அந்த அதிர்வை எழுப்ப இயலாதது. எனினும் கைப்பேசியில் பாட்டுக் கேட்கும்போது பேஸ் முற்றிலும் மறைந்துவிடுவதில்லை. மேலே ஒலிக்கும் துணை அதிர்வுகளைக் கொண்டு, கீழே இருந்திருக்க வேண்டிய சுவரத்தை நம் செவியும் மூளையும் தாமே கட்டி எழுப்பிக்கொள்கின்றன. 'மக்கள் பேஸைக் கவனிப்பதில்லை' என்று ஒரு குழுத் தலைவர் சொல்லும்போது எனக்கு இந்த உண்மைதான் நினைவுக்கு வருகிறது. இல்லாத பேஸையும் இட்டு நிரப்பிக் கேட்கும் உயிரினத்தைப் பார்த்து, 'இதற்குப் பேஸ் வேண்டாம்' என்கிறார்கள்.

அடுத்து இந்தத் தொழிலின் நாளைச் சொல்கிறேன். இதில் புனிதமும் இல்லை, கண்ணீரும் இல்லை. கணக்கு மட்டுமே உண்டு. உறையோடு சேர்த்துத் தோளில் ஐந்து ஆறு கிலோ. பெங்களூரு நெடுஞ்சாலையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் இருசக்கர வாகனங்களுக்குத் தடை. எனவே மண்டியாவிலோ ராமநகரத்திலோ நிகழ்ச்சி என்றால் வாத்தியத்தை முதுகில் கட்டிக்கொண்டு பக்கச் சாலையில் ஊர்ந்து செல்ல வேண்டும், அல்லது பேருந்தில் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். மண்டபத்தில் பேஸுக்கென்று ஆம்ப் இராது. டி.ஐ. பெட்டி வழியாக நேரே மிக்ஸருக்குள் செருகிவிட்டு, நம் ஒலி நமக்கே கேட்காமல், டிரம்மரின் வலது காலைப் பார்த்துக்கொண்டே மூன்று மணி நேரம் வாசிக்க வேண்டும். கன்னடத்தில் தொடங்கி, தமிழ், தெலுங்கு, இந்தி என்று ஓர் இரவில் நாற்பது பாடல்கள்.

பாடகருக்கு அன்று தொண்டை சரியில்லை, சுருதியை அரை இடம் இறக்க வேண்டும் என்றால், கீபோர்டு வாசிப்பவர் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். நான்கு தந்தி பேஸில், ஈயில் இருந்த பாட்டு ஈ ஃபிளாட்டுக்கு இறங்கினால், வாத்தியத்தின் ஆகத் தாழ்ந்த தந்தியே அந்தச் சுவரத்துக்கு மேலே நின்றுவிடுகிறது. ஒன்று, தந்தியைத் தளர்த்த வேண்டும். அல்லது முழுப் பாட்டையும் மனத்துக்குள் வேறிடத்தில் மாற்றி அமைக்க வேண்டும். அதற்குக் கிடைக்கும் அவகாசம், அறிவிப்பாளர் மணமக்களை வாழ்த்தி முடிக்கும் நேரம். ஆக்டிவ் பேஸ் என்றால் உள்ளே ஒரு 9 வோல்ட் பேட்டரி உண்டு. அது எப்போதும் இரண்டாவது சரணத்தில்தான் உயிர்விடும். வியர்வையில் மங்கிய தந்திகளைக் கழற்றி வெந்நீரில் கொதிக்கவைத்துத் துடைத்து மீண்டும் பூட்டுவது எங்களுக்குள் ஊரறிந்த இரகசியம். புதுத் தந்திக்குச் செலவிட்டால் அந்த வார நிகழ்ச்சியின் கூலியில் கணிசமான பங்கு போய்விடும். ஊதியம் நள்ளிரவுக்கு மேல், பந்தி முடிந்து, மண்டபக் கணக்கும் பூக்கடைக் கணக்கும் தீர்ந்த பிறகு, பெரும்பாலும் பேசிய தொகையினும் குறைவாக, 'அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம், தம்பி' என்ற சொல்லோடு வரும்.

இவையெல்லாம் தொழிலின் இயல்பு என்று ஏற்றுக்கொண்டவர்கள் நாங்கள். இனிச் சொல்லப்போவதை ஏற்க இயலாது.

சில காலம் முன்பு நான் வாசித்துவந்த ஒரு குழுவின் தலைவர், ஒத்திகைக்கு உதவும் என்று சொல்லி, பன்னிரண்டு பாடல்களுக்கான பேஸை ஒரே பிற்பகலில் என்னிடம் பதிவுசெய்து வாங்கினார். ஒரு நாள் கூலி தந்தார். எழுத்தில் எதுவும் இல்லை. இத்துறையில் எழுத்து என்பதே கிடையாது. அடுத்த பருவத்தில் அழைப்பு நின்றது. விசாரித்தபோது, 'இப்போது ட்ராக் போட்டு நடத்துகிறோம், பேஸ் அதிலேயே இருக்கிறது' என்றார்கள். அந்தப் பேஸ் என்னுடையது. வரவேற்பு மேடைகளில் என் விரல்கள் ஒலித்துக்கொண்டிருக்கின்றன; ஊதியப் பட்டியலில் நான் இல்லை. எனக்கு மட்டும் நேர்ந்ததாயின் இதை எழுதியிருக்க மாட்டேன். இந்நகரில் இதே கதையை வெவ்வேறு வாத்தியங்களின் பெயரில் பலரிடம் கேட்டிருக்கிறேன். டிரம்மர், ரிதம் பேட் வாசிப்பவர், குழல் வாசிப்பவர் என்று பட்டியல் நீள்கிறது. முதலில் விழுவது பேஸ் என்பதே வேறுபாடு.

இதற்குச் சொல்லப்படும் சமாதானங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

'கீபோர்டுக்காரர் இடக்கையால் பேஸைப் பார்த்துக்கொள்வார்' என்பது முதலாவது. கீபோர்டில் பேஸ் வாசிப்பது தனிக் கலை. அதற்கென்றே அமைக்கப்பட்ட பாடல்கள் நம் திரையிசையில் உண்டு. அவற்றை அவ்வாறே வாசிக்க வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் இங்கு நடப்பது கலைத் தேர்வு அன்று. இரண்டு பேர் வேலையை ஒருவர் கூலிக்குச் செய்விப்பது. இடக்கை பேஸில் அடைபட்ட கீபோர்டுக்காரரின் வலக்கை, வயலின் கூட்டத்தையும் குழலையும் பியானோவையும் ஒருங்கே தூக்கிச் சுமக்கிறது. அவருக்குக் கூடுதல் ஊதியம் தரப்பட்டதாக நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

'வாடிக்கையாளர்களே ட்ராக் கேட்கிறார்கள், படத்தில் கேட்டது போலவே இருக்க வேண்டும் என்கிறார்கள்' என்பது இரண்டாவது. நல்லது, அப்படியாயின் அழைப்பிதழிலும் விலைப்பட்டியலிலும் 'பதிவுசெய்த இசைக்குப் பாடுதல்' என்றே எழுதுங்கள். 'லைவ் ஆர்கெஸ்ட்ரா' என்று விளம்பரம் செய்து, மேடையில் வாத்தியங்களை அலங்காரமாக நிறுத்தி, செருகாத ஜாக்கோடு கிட்டார் வாசிப்பவரை ஆடவைத்து, முழுக் குழுவுக்கான தொகையை வாங்குவது வணிகத் தந்திரம் என்று சொல்லிக் கடந்துபோகத்தக்கதன்று, வாங்குபவரை ஏமாற்றுவது. மணமகனின் தோழர்கள் ஆடத் தொடங்கிச் சரணத்தை இன்னொரு முறை கேட்டால் ட்ராக் திரும்பி வராது. மின்சாரம் போய்த் திரும்பினால் ட்ராக் முதலிலிருந்து தொடங்கும். பாட வந்த பெரியவர் தாளத்தைத் தவறவிட்டால், அவருக்காகக் காத்திருந்து, அவரைக் கைபிடித்துக் கூட்டிவர ட்ராக்குக்குத் தெரியாது. அதைச் செய்பவர்கள் மனிதர்கள். அதற்காகத்தான் மக்கள் குழுவை அழைக்கிறார்கள்.

'பேஸ் வரியை எழுதியவர் இசையமைப்பாளர். வாசிப்பவர் வெறும் கருவி' என்பது மூன்றாவது. படித்தவர்கள் சொல்வது இது. எனவே இதற்குத்தான் கூடுதல் கோபம். இணையத்தில் இளையராஜாவின் பேஸ் வரிகளை ஆராய்ந்து எழுதும் பதிவுகள் ஏராளம். அவற்றை விரும்பிப் படிப்பவன் நான். 1980களின் தொடக்கத்தில் தமிழ்த் திரைப்பாடலின் அடித்தளத்தில் அவர் நிகழ்த்திய மாற்றம் எத்தனை ஆய்வேட்டுக்கும் தகும். சுவரத்தாளில் அவர் எழுதினார் என்பதும் உண்மை. ஆயின், தாளில் இருப்பது சுவரமும் காலமும் மட்டுமே. தந்தியை எந்த இடத்தில் மீட்டுவது, ஒலியை எங்கே வெட்டுவது, இரண்டு சுவரங்களுக்கிடையே வழுக்கிச் செல்வதா தாவிச் செல்வதா, டிரம்மின் அடிக்கு ஒரு மயிரிழை முன்னா பின்னா என்பவை வாசிப்பவரின் கையில் உள்ளவை. அந்தப் பாடல்கள் பலவற்றில் பேஸ் வாசித்தவர் சசிதரன். ராஜாவின் பேஸைப் பற்றி ஐந்தாயிரம் சொல் எழுதும் எத்தனை பேர் அந்தப் பெயரை ஒருமுறையேனும் எழுதுகிறார்கள்? பாடலாசிரியர் எழுதியதைப் பாடியவர் என்பதற்காக எஸ்.பி. பாலசுப்ரமணியத்தைக் கருவி என்று எவரும் சொல்வதில்லை. அந்த நியாயம் தந்திக்கு வரும்போது மட்டும் ஏன் மாறுகிறது?

'விரும்பிச் செய்யும் கலைக்குக் கணக்குப் பார்க்கலாமா' என்பது கடைசி. பார்க்கலாம். சமையற்காரர் விரும்பித்தான் சமைக்கிறார். ஒளிப்படக்காரர் விரும்பித்தான் படமெடுக்கிறார். அவர்களுக்கு முன்பணம் தரப்படுகிறது.

இனி, பெயர் என்னும் விஷயத்துக்கு வருகிறேன். பெயர் இல்லாமைக்கும் வேலை இழப்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் கர்நாடக இசை மேடையைப் பார்க்கட்டும். ஒண்டிகொப்பல் எட்டாவது குறுக்குத் தெருவின் கணபதி விழாக் கச்சேரிகளாகட்டும், சென்னைச் சபைகளாகட்டும், அழைப்பிதழில் பாடுபவருக்குக் கீழே வயலின் இன்னார், மிருதங்கம் இன்னார், கடம் இன்னார் என்று அச்சிடுவது மரபு. யார் பக்கவாத்தியம் என்று பார்த்துக் கச்சேரிக்குப் போகும் ரசிகர்கள் உண்டு. அந்த மேடையிலும் பெரும்பாலும் அச்சேறாத ஒரு பெயர் இருந்தது. பின்னால் அமர்ந்து தம்புரா மீட்டியவரின் பெயர். மின்னணுச் சுருதிப்பெட்டி வந்தபோது முதலில் எழுந்து போகவேண்டி வந்தவர் அவரே. மின்னணுத் தாளக் கருவிகளும் சந்தையில் உள்ளன. வீட்டுப் பயிற்சிக்குப் பயன்படுகின்றன. எனினும் மிருதங்கக் கலைஞரை நீக்கிவிட்டு அதை மேடையில் வைக்க எந்தச் சபையும் துணியவில்லை. இயந்திரம் இரண்டு பேரையும் தேடித்தான் வந்தது. பெயர் அச்சானவர் தப்பினார். பெயர் அச்சாகாதவர் போனார்.

பெயரைப் பொறிப்பது மேற்கிலிருந்து வந்த புதுமோகம் என்று சொல்பவர்கள் தஞ்சைக்குப் போய்வரலாம். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் இராசராசன் பெரிய கோயிலில் வெட்டுவித்த கல்வெட்டு, தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரைப் பெயர் சொல்லி, வீட்டு வரிசை சொல்லிப் பட்டியலிடுகிறது. அவர்களோடு நட்டுவம் செய்தவர், பாடியவர், வீணை வாசித்தவர், உடுக்கை வாசித்தவர் என்று துணை நின்றோரின் பெயர்களும் அவரவர்க்குரிய பங்கும் உண்டு. ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு 100 கலம் நெல். அது பேரரசின் ஏற்பாடு. அந்தச் சமூகத்தின் ஏற்றத்தாழ்வுகளை நான் மறைக்கவில்லை. ஆனால் உடுக்கை வாசித்தவரின் பெயரை உளியால் கருங்கல்லில் வெட்ட முடிந்தது. ஃபிளெக்ஸ் பேனரில் ஒரு வரி சேர்க்க நமக்கு முடியவில்லை.

மேற்கிலும் இது எளிதில் வந்துவிடவில்லை. அமெரிக்காவின் மோட்டவுன் நிறுவனத்தின் 1960களின் வெற்றிப் பாடல்கள் பலவற்றுக்கு அடித்தளம் அமைத்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். உலகமே அவர் பேஸுக்கு ஆடியது; இசைத்தட்டுகளில் அவர் பெயர் இல்லை. 1971இல் வெளிவந்த மார்வின் கேயின் இசைத்தட்டில்தான் அந்த நிறுவனத்தின் வாத்தியக் கலைஞர்கள் முறையாகப் பெயர் பெற்றனர். ஜேமர்சன் 1983இல் இறந்தார். ராக் அண்ட் ரோல் புகழ்மன்றம் அவரைச் சேர்த்தது 2000இல். நம் பக்கத்தில், ஏ.ஆர். ரஹ்மான் தம் இசைத்தட்டு உறைகளில் வாத்தியக் கலைஞர்களின் பெயர்களை அச்சிடத் தொடங்கியது இந்தத் தொழிலுக்குச் செய்யப்பட்ட பெரும் நன்மை. கீத் பீட்டர்ஸ் என்னும் பேஸ் கலைஞரின் பெயர் எங்கள் தலைமுறைக்குத் தெரிந்தது அந்த உறைகளின் வழியாகத்தான். பின்னர் உறைகள் ஒழிந்தன. பாட்டு கைப்பேசிக்குள் போனது. திரையில் பாடகர், இசையமைப்பாளர் என்ற இரண்டு பெயர்களுக்கு மேல் இடமில்லை என்கிறார்கள். இடமில்லாமல் இல்லை, மனமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? ஆய்வு மாணவன் என்ற முறையில் இதை மட்டும் சற்று நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994 முதல் நிகழ்த்துநருக்கென்று தனி உரிமை உண்டு. வாத்தியக்காரரும் நிகழ்த்துநரே என்று வரையறை பெயர் சொல்லிக் கூறுகிறது. அதே பட்டியலில் பாம்பாட்டியும் வித்தைக்காரரும்கூட உண்டு. 2012 திருத்தம் அதை வலுப்படுத்தியது. தம் நிகழ்த்துதலைப் பதிவுசெய்யவும் பொதுமக்களுக்குக் கொண்டுசெல்லவும் நிகழ்த்துநருக்குத் தனியுரிமை உண்டு என்கிறது 38ஏ பிரிவு. பயன்பாட்டின் தன்மையே பெயரை விடச் செய்யும் இடங்கள் தவிர, 'இதை நிகழ்த்தியவர் இவர்' என்று அடையாளம் காட்டப்படும் உரிமை உண்டு என்கிறது 38பி பிரிவு.

ஆனால் அதே திருத்தம் வரையறையில் ஒரு நிபந்தனையையும் செருகியது. திரைப்படத்தில் ஒருவருடைய பங்களிப்பு தற்செயலானதாகவோ உடன்நிகழ்வாகவோ இருந்து, துறையின் வழக்கப்படி அவர் பெயர் எங்கும் குறிப்பிடப்படுவதில்லை என்றால், அவர் நிகழ்த்துநராகக் கருதப்படமாட்டார். தம் நிகழ்த்துதல் சிதைக்கப்படுவதைத் தடுக்கும் உரிமை ஒன்று மட்டுமே அவருக்கு மிஞ்சும். இதன் தருக்கத்தை உற்று நோக்குங்கள். பெயர் போடும் வழக்கம் இல்லாததே, பெயர் கேட்கும் உரிமை இல்லாமற்போவதற்கு ஒரு காரணமாகிறது. துறையின் பழைய அநீதியைச் சட்டம் சான்றாக ஏற்றுக்கொள்கிறது. ஒரு பாட்டின் அடித்தளத்தைத் தற்செயலானது என்று எந்த நீதிமன்றத்திலும் நிறுவுவது கடினம் என்றே நான் கருதுகிறேன். எனினும் அதை வாதாடும் வசதி எந்தப் பேஸ் கலைஞருக்கு இருக்கிறது?

ஆனால் ஒன்றை எங்கள் தோழர்கள் கவனிக்க வேண்டும். அந்த நிபந்தனை திரைப்படத்துக்கு மட்டுமே உரியது. திருமண மேடைக்கும் கணபதிப் பந்தலுக்கும் அது பொருந்தாது. அங்கே வாசிக்கும் நாம் முழுமையான நிகழ்த்துநர்கள். ஒத்திகைக்கு என்று வாங்கிய பதிவை மேடையில் ஒலிக்கவிட்டு நம்மை வீட்டுக்கு அனுப்பும் வழக்கத்துக்குச் சட்டத்தின் நிழல்கூட இல்லை. திரையில் சட்டம் நமக்குப் பெயரை மறுக்கிறது. மேடையில் சட்டம் தருகிறது. குழுத் தலைவர்களும் ஏற்பாட்டாளர்களும் நாமுமாகச் சேர்ந்து மறுத்துக்கொண்டிருக்கிறோம்.

இத்தனையும் நடப்பது மைசூருவில் என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம். துணைநிற்கும் வாத்தியம் கேட்கப்பட வேண்டும் என்ற கவலைக்கு இந்நகரில் ஒரு வரலாறு உண்டு. ஒலிபெருக்கி பரவாத காலத்தில், பாடுபவரின் பக்கத்தில் தம் வயலின் பெரிய சபையின் கடைசி வரிசைவரை எட்ட வேண்டும் என்று எண்ணி ஏழு தந்தி வயலினைச் செய்துகொண்டவர் மைசூர் டி. சௌடையா. பெங்களூருவில் அவர் பெயரால் நிற்கும் அரங்கமே வயலின் வடிவில் கட்டப்பட்டிருக்கிறது. 1951இல் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் மின் பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்ததும் அதே கவலையால்தான். ஆளுயர டபுள் பேஸைச் சுமந்து திரிந்த கலைஞர்கள் டிரம்முக்கும் மின் கிட்டாருக்கும் இடையில் கேட்கப்படாமல் போனார்கள். எட்டாத தொலைவில் இருந்த இருவர், பின்னால் நிற்பவரின் ஒலி முன்னே சென்று சேர வேண்டும் என்று வாத்தியத்தையே மாற்றினார்கள். நாம் வாத்தியத்தை வைத்துக்கொண்டு மனிதரை மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

ஜயசாமராஜ உடையார் 1940களின் இறுதியில், இலண்டனில் முதுமையில் வாடிய ருஷ்ய இசையமைப்பாளர் நிக்கொலாய் மெட்னரின் இசை பதிவாகப் பொருள் கொடுத்தவர். உடையார்களின் அரண்மனையில் கர்நாடக இசைக்கு ஒன்றும் மேற்கத்திய இசைக்கு ஒன்றுமாக வாத்தியக் குழுக்கள் இருந்தன. அந்த மரபின் தொடர்ச்சியாகப் போலீஸ் வாத்தியக் குழு இன்றும் தசராவில் அரண்மனை முன் வாசிக்கிறது. அதில் ஆகத் தாழ்ந்த சுருதியில் பித்தளைக் குழல் ஊதுபவருக்கும் சீருடை உண்டு, பதவி உண்டு, மாதச் சம்பளம் உண்டு. மன்னராட்சி வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கீழ்ச் சுவரம் ஊதுபவரும் பணியாளரே என்று அரண்மனைக்குத் தெரிந்திருந்தது, மக்களாட்சியின் விழாப் பந்தலுக்குத் தெரியவில்லை என்கிறேன்.

2024 தசராவின்போது நகருக்கு வெளியே உத்தனஹள்ளியில் நடந்த யுவ தசராவில் அடுத்தடுத்த இரவுகளில் ஏ.ஆர். ரஹ்மானும் இளையராஜாவும் மேடையேறினார்கள். பேஸின் வழியாகத் தென்னிந்தியச் செவியை மாற்றியமைத்த இருவர் அடுத்தடுத்த நாள்களில் ஒரே ஊரில்! போய்வந்தவர்கள் பாடகர்களை வரிசையாகச் சொல்கிறார்கள். அந்த இரண்டு இரவுகளிலும் பேஸ் வாசித்தவர்கள் யார்? உங்கள் கைப்பேசியில் இருக்கும் காணொளிகளைத் தேடிப் பாருங்கள். ஓரத்தில், டிரம்முக்குப் பக்கத்தில், பாதி இருளில் ஓர் உருவம் தெரியும். அதற்குப் பெயர் உண்டு.

நான் கேட்பவை பெரியவை அல்ல. நிகழ்ச்சிக்கு ஒப்புக்கொள்ளும்போது தொகை, நேரம், பயணச் செலவு ஆகியவற்றை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் தருக. தொகையில் ஒரு பகுதி முன்பணமாக வரட்டும். பதிவுசெய்து வாங்கினால் எதற்கு, எத்தனை முறை, எவ்வளவுக்கு என்று எழுதி வாங்குக. ட்ராக் பயன்படுத்தினால் வாடிக்கையாளருக்குச் சொல்லிவிட்டுப் பயன்படுத்துக. பேனரில் பாடகர் படத்துக்குக் கீழே வாத்தியக் கலைஞர் அனைவரின் பெயரையும் அச்சிடுக. இடைவேளையில் ஒருமுறையேனும் அவர்களைப் பெயர் சொல்லி அறிமுகம் செய்க. அதற்கு இரண்டு நிமிடம் போதும்.

சக கலைஞர்களுக்கும் ஒரு சொல். பேஸை நீக்கிய குழுவில் 'என் இடம் இருக்கிறதே' என்று கீபோர்டுக்காரர் மௌனம் காத்தார். அடுத்த ஆண்டு கீபோர்டும் ட்ராக்குக்குள் போனது. இப்போது அந்த மேடையில் இரண்டு பாடகர்களும் ஒரு மடிக்கணினியும் இருக்கிறார்கள். கரோக்கே செயலி எல்லோர் கையிலும் இருக்கும் காலத்தில், அவர்களையும் எதற்குப் பணம் கொடுத்து அழைக்க வேண்டும் என்று மண்டபத்துக்காரர் கேட்கும் நாள் தொலைவில் இல்லை.

என் துறையினருக்கும் ஒன்று. திரையிசை ஆய்வு என்ற பெயரில் இசையமைப்பாளரின் மேதைமையை மட்டுமே எழுதிக்கொண்டிருப்பது ஆய்வன்று, துதி. மேடைகளிலும் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் வாசித்த முதியவர்கள் பலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். எந்தப் பாட்டில் யார் வாசித்தார் என்பது அவர்கள் நினைவில் மட்டுமே உள்ளது. அதைப் பதிவுசெய்யாமல் விட்டால், நாளை நாம் எழுதப்போகும் வரலாறும் ஃபிளெக்ஸ் பேனரைப் போலவே இரண்டு பெயர்களோடு நின்றுவிடும்.

மாற்றுக் கருத்துடையோர் காரணத்துடன் மறுக்கலாம், விடையளிக்கக் காத்திருக்கிறேன். உடன்படுவோர் வெறும் விருப்பக்குறியோடு நிறுத்த வேண்டாம். அடுத்த முறை ஒரு வரவேற்புக்குப் போகும்போது, சாப்பிட்டுக் கை கழுவியபின் மேடையோரம் சென்று பேஸ் வாசிப்பவரிடம் பெயரைக் கேளுங்கள். ட்ராக் மட்டும்தான் ஓடுகிறது என்றால், விழா நடத்துபவரிடம் சென்று, அதில் வாசித்தவர்களுக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று கேளுங்கள்.